ஓட்டோ கியர்பொக்ஸ் பிரித்துப் பூட்டும்போது பெக்கிங் உட்காரும் முகங்களை எப்படித் தயார் செய்வது?

களுவாஞ்சி_வேன்

அண்ணன்மார், காக்காமார், ஒரு உதவி. வண்டி டொயோட்டா கேடிஎச் வேன், டீசல், நாலு கியர் ஓட்டோ, ஏ340 வகைப் பெட்டி. கொழும்புக்கு வாடகை ஹயர் ஓடுகிற வண்டி என்பதால் நிற்பாட்டி வைக்கவும் வழியில்லை. முதலாவதும் இரண்டாவதும் நன்றாக ஓடுகிறது, மூன்றாவது கியருக்கு மாறும்போது இன்ஜின் ரேஸ் ஏறுகிறது, வண்டி இழுக்கவில்லை. ரிவர்ஸ் போட்டால் சுணங்கித்தான் பிடிக்கிறது. அதோடு இன்ஜினும் பெட்டியும் சேருகிற இடத்தில் ஒயில் ஒழுக்கு வேறு.

பெட்டியை இறக்கிப் பிரித்து மேசையில் பரப்பியாயிற்று. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஓவர்ஹோல் கிட் (சீல், பெக்கிங் தொகுதி) எடுத்தேன், கிளச் பிளேட்டும் வந்துவிட்டது. இந்த வண்டி என் கைக்கு வருவதற்கு முன்னரே யாரோ பான் என்கிற அடித்தட்டைத் திறந்து சிலிக்கனை அள்ளிப் பூசி மூடியிருக்கிறார்கள். உள்பக்கம் பிதுங்கி வந்த சிலிக்கன் நூல் நூலாகப் பிய்ந்து ஒயிலை வடிகட்டுகிற ஸ்ட்ரெயினரில் அடைந்து கிடக்கிறது.

பானிலும் கேஸிலும் (பெட்டியின் அலுமினிய உடம்பு) ஒட்டியிருக்கிற பழைய பசையை எதால் எடுப்பது? என்னோடு வேலை செய்கிற பொடியன் கிரைண்டரில் டிஸ்க் போட்டுப் பத்து நிமிடத்தில் முடித்துத் தருகிறேன் என்கிறான், எனக்கு மனம் ஒப்பவில்லை. திரும்பப் பூட்டும்போது எந்தப் பசை, எங்கெங்கே? கிட்டில் பானுக்கு ஒரு பெக்கிங்கும் (ஒழுக்கை அடைக்க நடுவில் வைக்கிற தாள்) இருக்கிறது, அதற்கு மேலே பசையும் பூசுவதா? உள்ளே இருக்கிற சாமான்களைக் கழுவி, சீல் மாற்றி, அப்படியே பூட்டினால் போதும்தானே?

டொல்பின்113

பொடியன் சொல்வது சரிதான் மச்சான். நாங்கள் எத்தனை இன்ஜின் ஹெட்டை டிஸ்க் போட்டுத் தேய்த்திருக்கிறோம், ஒன்றுக்கும் ஒன்றும் நடக்கவில்லை. தேய்த்துக் காற்றடி, நல்ல சிவப்பு சிலிக்கன் எடுத்து எல்லா முகத்துக்கும் ஒரு சுற்று பூசு, இறுக்கு. ஒழுகினால் என்னைக் கேள்.

சாய்ந்தமருது_கராஜ்

தம்பி, கிரைண்டர் டிஸ்க்கைக் கிட்டவும் எடுக்க வேண்டாம். அந்த முரட்டுப் பஞ்சு மாதிரி டிஸ்க்கில் இருப்பது அலுமினியம் ஒக்சைட், எமரித் துகள். சுற்றும்போது தூளாக உதிர்ந்து எல்லா ஓட்டைக்குள்ளும் போகும், காற்றடித்தாலும் முழுதாக வராது. இன்ஜினில் இந்தத் தூள் பேரிங்கைத் தின்றுவிடுகிறது என்று ஜிஎம் கம்பனி தன்னுடைய டீலர்களுக்கே எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தது. ஓட்டோ பெட்டி அதைவிட மோசம். வால்வ் பொடி என்கிற வால்வுத் தொகுதிக்குள் வால்வுகள் தலைமயிரை விட மெல்லிய இடைவெளியில் ஓடுகின்றன, ஒரு துகள் போய் இறுகினால் கியர் மாறாது. இன்னொன்று, டிஸ்க் மிருதுவான அலுமினியத்தைச் சமமாகத் தேய்க்காது. கை நின்ற இடத்தில் குழி விழும். கண்ணுக்குப் பளபளவென்று வடிவாகத்தான் இருக்கும், ஸ்ட்ரெயிட் எட்ஜ் (நேர்ச்சட்டம்) வைத்துப் பார்த்தால்தான் விசயம் தெரியும்.

பழைய பசைக்கு நான் செய்வது இதுதான். முதலில் கேஸில் இருக்கிற ஓட்டைகளையெல்லாம் மூடு. துணியை அடைக்காதே, டேப் ஒட்டு. பெக்கிங் ரிமூவர் ஸ்ப்ரே கிடைத்தால் அடித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிடு. பெயின்டிலும் ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் படாமல் பார், கையில் பட்டாலும் எரியும். பிறகு பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரால் தள்ளு. பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கிற இடத்தில் மட்டும் சவர பிளேட், அதையும் முகத்தோடு நன்றாகச் சரித்துப் பிடித்துத் தள்ள வேண்டும், நட்டுப் பிடித்தால் கோடு விழும். உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரு குறுக்குக் கீறல் விழுந்துவிட்டால் அது ஒயிலுக்கு நாம் வெட்டிக் கொடுத்த வாய்க்கால். முகத்தின் நீளவாட்டில் ஓடுகிற கீறல் அவ்வளவு பாதகமில்லை.

பான் இரும்புத் தகடு, அதை எப்படிச் சுரண்டினாலும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் பானில் வேறு ஒரு வில்லங்கம் இருக்கிறது. முந்திப் பூட்டியவர் கைவலிக்க இறுக்கியிருப்பார், அப்போது போல்ட் ஓட்டையைச் சுற்றித் தகடு கேஸ் பக்கமாக எழும்பிவிடும். கண்ணாடித் துண்டின் மேல் பானைக் கவிழ்த்து வைத்துப் பார். ஓட்டைகள் கண்ணாடியைத் தொடும், இரண்டு ஓட்டைக்கு நடுவில் வெளிச்சம் தெரியும். அப்படியென்றால் விளிம்பை ஒரு கெட்டியான தட்டையான இரும்பில் தாங்கி, சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிச் சமப்படுத்து. எத்தனை டியூப் பசை பூசினாலும் இதைச் சரிசெய்யாமல் ஒழுக்கு நிற்காது.

பசை எங்கே என்று கேட்டாய். கம்பனி பசை போட்ட இடத்தில் பசை, பெக்கிங் போட்ட இடத்தில் பெக்கிங் மட்டும், ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் இருக்கிற இடத்தில் அது மட்டும். இந்த வகைப் பெட்டியின் பான் பெரும்பாலும் கம்பனியில் பசை போட்டு மூடியதாகத்தான் வரும். கிட்டில் வந்த பெக்கிங்கைப் போடுவதென்றால் அதை உலர்ந்தபடியே போடு, இரண்டையும் சேர்க்காதே. பசை பூசிய பெக்கிங் இறுக்கும்போது வழுக்கி வெளியே பிதுங்கும்.

டொயோட்டாவின் ரிப்பேர் புத்தகத்தில் ஓட்டோ பெட்டிக்குச் சொல்வது த்ரீபொண்ட் 1281 வகை. அது கிடைக்காவிட்டால் ஏடிஎஃப் (ஓட்டோ பெட்டி ஒயில்) தாங்கும் என்று டியூபில் எழுதியிருக்கிற நல்ல பசை ஒன்று எடு. சிவப்போ கறுப்போ, நிறத்தைப் பார்த்து எடுக்காதே. வினாகிரி மணம் அடிக்கிற, கண்ணாடியும் குளியலறையும் ஒட்டுகிற சிலிக்கன் வேண்டவே வேண்டாம், அதிலிருந்து வெளிவருகிற அமிலம் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும்.

களுவாஞ்சி_வேன்

காக்கா, பெரிய உதவி. கண்ணாடியில் பானை வைத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னது போலத்தான், இரண்டு பக்கமும் அலை அலையாக இருக்கிறது. தட்டப் போகிறேன்.

கேஸின் வெளி விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, சின்னச் சின்னக் குழி இருக்கிறது. கடற்கரைப் பக்கம் நிறுத்துகிற வண்டி. அதற்கு என்ன செய்வது? கழுவுவதற்கு மண்ணெண்ணெய் போதுமா?

சாய்ந்தமருது_கராஜ்

அது உப்புக் காற்றின் வேலை, எங்கள் பக்கத்துக் கரையோர வண்டிகளில் சாதாரணம். குழி முகத்தின் வெளி ஓரத்தில் மட்டும் நின்றால் பயமில்லை, பித்தளைப் புரூச்சால் மெதுவாக எடுத்துவிடு. குழி முகத்தின் அகலத்தில் பாதியைத் தாண்டி உள்ளே போயிருந்தால் பெக்கிங்கை விட்டுவிட்டுப் பசைக்குப் போ. பசை குழியை நிரப்பும், பெக்கிங் நிரப்பாது.

மண்ணெண்ணெய் அழுக்கை எடுக்கும், ஆனால் மெல்லிய எண்ணெய்ப் படை ஒன்றை விட்டுவிட்டுப் போகும். அதன் மேல் பசை பிடிக்காது. கடைசித் துடைப்பு பிரேக் கிளீனரில், இரண்டு முகத்திலும். துடைத்த பிறகு விரல் வைக்காதே. தின்னர், பிரேக் கிளீனர் எதையும் கிளச் பிளேட்டிலும் ரப்பரிலும் காட்டாதே. கேஸை சோப் தண்ணீரில் கழுவுகிறவர்களும் இருக்கிறார்கள், பிழை இல்லை, ஆனால் உங்கள் ஊர் வாவிக்கும் கடலுக்கும் நடுவில், கிணறு உவர் என்றால் அந்தத் தண்ணீர் வேண்டாம். காய்ந்ததும் உப்பு நின்றுவிடும்.

கடைசியாக, பழைய பனியனைக் கிழித்துத் துடைக்காதே. பஞ்சு நூல் ஒன்று போதும் வால்வை இறுக்குவதற்கு. கச்சான் காற்று அடிக்கிற நேரமென்றால் சாமானை மூடி வை, மணல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது.

வாவிக்கரை

சாய்ந்தமருதுக்காரர் வெளிமுகத்தை எல்லாம் வடிவாகச் சொல்லிவிட்டார். நான் தம்பியின் கடைசிக் கேள்விக்கு வருகிறேன், அதுதான் உண்மையான கேள்வி. பானில் ஒழுகினால் நிலத்தில் சொட்டுத் தெரியும், துடைத்துவிட்டு இன்னொரு நாள் கழற்றலாம். உள்ளே ஒழுகினால் நிலத்தில் ஒன்றும் தெரியாது, புதுக் கிளச் பிளேட்தான் கருகும்.

உன் வண்டியின் வருத்தத்தைப் பார். மூன்றாவது வழுக்குகிறது, ரிவர்ஸ் சுணங்குகிறது, முதலாவதும் இரண்டாவதும் நன்றாக ஓடுகிறது. ஏ340இல் மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் ரிவர்ஸுக்கும் பொதுவான கிளச் ஒன்று இருக்கிறது, சி2 என்கிற டைரக்ட் கிளச். இரண்டு வருத்தமும் ஒரே இடத்தைக் காட்டுகிறது. பிளேட் கருகியிருக்கும், அதை மாற்றுவாய், சரி. ஆனால் பிளேட் ஏன் கருகியது? அந்தக் கிளச்சுக்குப் போகிற ஒயில் பிரசர் வழியில் எங்கேயோ கசிந்திருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் புதுப் பிளேட் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

கசிகிற இடம் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, பிளேட்டை நெருக்குகிற பிஸ்டனின் ஓ-ரிங் ஓடுகிற டிரம்மின், அதாவது பிளேட் அடுக்குகிற உருளையின், உட்சுவர். இரண்டு, சுற்றுகிற டிரம்முக்குள் ஒயிலைக் கடத்துகிற சீலிங் ரிங்குகள், அவை உட்கார்ந்திருக்கிற காடி, அவை உரசுகிற சுவர்.

டிரம்மைக் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் சரித்துப் பிடித்துப் பார், பிறகு நகத்தை மேலிருந்து கீழாகவும் சுற்றியும் ஓட்டு. நகம் தடுக்கவில்லையென்றால் கவலையில்லை. மெல்லிய கீறல் என்றால் 600 நம்பர் வெட் பேப்பரை (மெல்லிய எமரித்தாள்) ஏடிஎஃபில் நனைத்துச் சுற்றுவாட்டில் மட்டும் துடை. பிஸ்டன் போகிற திசையில், மேலும் கீழுமாகத் தேய்த்தால் அந்தக் கோடு வழியாகவே பிரசர் போய்விடும். நகம் விழுந்து நிற்கிறதென்றால் டிரம்மை மாற்று, அதற்கு மருந்து இல்லை.

சர்க்கிளிப் (பிடித்து நிறுத்துகிற வளையம்) காடியின் ஓரத்தை மறக்காதே. சர்க்கிளிப்பைக் கழற்றும்போதும் பூட்டும்போதும் அந்த ஓரத்தில் பிசிறு எழும்பும். புது ஓ-ரிங் போட்ட பிஸ்டனை அதைத் தாண்டி இறக்கும்போது பிசிறு ரப்பரைச் சீவிவிடும், உனக்குத் தெரியவும் வராது. டிரம் பூட்டி முடிந்திருக்கும், பிரசர் நிற்காது, கிட்டைத்தான் குறை சொல்வோம். வெட் பேப்பரை மடித்து அந்த ஓரத்தையும், உட்சுவரில் இருக்கிற ஒயில் துளைகளின் வாயையும் மழுக்கிவிட்டு, மறுபடி கழுவு. தேய்த்த பிறகு கழுவாமல் பூட்டுவதென்றால் தேய்க்காமலே இருப்பது நல்லது.

சீலிங் ரிங்குக்கு: பழைய ரிங்கைக் கழற்றி, காடியின் பக்கச் சுவரைப் பார். படி மாதிரித் தேய்ந்திருந்தால் புது ரிங் அந்தப் படியில் ஒட்டிக்கொண்டு சுற்றாது. புது ரிங்கைக் காடியில் போட்டு விரலால் சுற்றிப் பார், எங்கேயும் இறுகாமல் ஓட வேண்டும். அந்த ரிங் ஓடுகிற டிரம்மின் உட்பக்கத்தில் ரிங்கின் அகலத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கும். பள்ளம் நகத்துக்குப் பட்டால் புது ரிங் போட்டாலும் பிரசர் கசியும். 

பூட்டும்போது ரப்பருக்கெல்லாம் ஏடிஎஃப் பூசு, ரிங்கைப் பிடித்து நிறுத்த வேண்டிய இடத்தில் வசலின். வீல் பேரிங் கிரீஸ் வேண்டாம், அது ஏடிஎஃபில் கரையாமல் கட்டியாக நின்று ஸ்ட்ரெயினரையும் சின்னத் துளைகளையும் அடைக்கும். பிளேட்டை ஏடிஎஃபில் குறைந்தது பதினைந்து நிமிடமாவது ஊறப்போட்ட பிறகு அடுக்கு.

டிரம்மைப் பூட்டி முடித்ததும், பெட்டிக்குள் இறக்குவதற்கு முன்னரே காற்றடித்துப் பார். 30, 40 பிஎஸ்ஐ போதும். ஒயில் வருகிற துளையில் அடித்தால் ‘டப்’ என்று பிஸ்டன் ஏறிப் பிடிக்க வேண்டும், காற்று கசிகிற சத்தம் தொடர்ந்து சீறக்கூடாது. கொம்பிரசரின் டேங்கில் தேங்கிய தண்ணீரை முதலில் திறந்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். மாரி காலத்தில் எங்கள் பக்கக் காற்றில் எவ்வளவு ஈரம் என்று உனக்கே தெரியும், கிளச் பிளேட்டின் தாள் ஈரத்தை உறிஞ்சினால் ஒட்டு விட்டு உரிந்துவிடும். வெள்ளத்தில் நின்ற ஓட்டோ வண்டிகளின் பெட்டி பிறகு போவதும் இதனால்தான்.

டொல்பின்113

சரி சரி, டிஸ்க் வேண்டாம் என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வால்வ் பொடிக்கு மெல்லியதாக ஒரு கோட் சிலிக்கன் பூசினால் என்ன? அங்கேயும் கசியும்தானே? ஒயில் பம்பின் முகத்தையும் கண்ணாடியில் எமரித்தாள் ஒட்டித் தேய்த்து மட்டமாக்கினால் பிரசர் கூடும் என்று ஒருவர் சொல்லிக் கேட்டேன்.

வாவிக்கரை

வால்வ் பொடியில் சிலிக்கனா, என்னடாப்பா! அந்தப் பெக்கிங்கும் நடுத் தகடும் உலர்ந்தபடிதான் போக வேண்டும், மிஞ்சினால் ஒரு சொட்டு ஏடிஎஃப். அதில் இருக்கிற வழிகள் எவ்வளவு சின்னது என்று பார், பிதுங்கிய சிலிக்கன் போய் முதலில் அதைத்தான் அடைக்கும். கேள்வி கேட்ட தம்பியின் ஸ்ட்ரெயினரில் கிடந்ததும் அதே சாமான்தான். வால்வ் பொடியில் இருக்கிற சின்ன உருண்டைகள் எந்தெந்தக் குழியில் இருந்தன என்று பிரிக்கும்போதே போட்டோ எடுத்து வை.

பம்பைத் தேய்ப்பது நல்லாக் கேட்பதற்கு. பம்பின் முகத்துக்கும் உள்ளே இருக்கிற கியருக்கும் உள்ள பக்க இடைவெளி 0.02 முதல் 0.05 மில்லிமீட்டர், எல்லை 0.1. முகத்தைத் தேய்த்தால் குழியின் ஆழம் குறைகிறது, இடைவெளியும் அதோடு குறைகிறது. 0.03 இருந்த பம்பில் 0.03 தேய்த்தால் கியர் சுற்ற இடமே இல்லை. ஸ்ட்ரெயிட் எட்ஜும் பீலர் கேஜும் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) வைத்து முதலில் அள, எல்லையைத் தாண்டியிருந்தால் பம்பை மாற்று.

லேத்_ஏறாவூர்

முன்பக்க ஒழுக்கைப் பற்றி யாரும் பேசவில்லையே. அங்கே புது ஒயில் சீல் மட்டும் போட்டால் கொஞ்ச நாளில் திரும்பவும் ஒழுகும். இன்ஜின் சுழற்சியைப் பெட்டிக்குக் கடத்துகிற கொன்வேர்ட்டரின் கழுத்தைப் பாருங்கள், சீலின் உதடு ஓடிய இடத்தில் வளையமாக ஒரு தடம் இருக்கும். நகத்துக்குப் படாவிட்டால் 600 தாளை ஒயிலில் நனைத்துச் சுற்றுவாட்டில் பளபளப்பாக்கினால் போதும். சாய்ந்த கோடு விழக்கூடாது, திருகாணி மாதிரிச் சாய்ந்த கோடு சுற்றும்போது ஒயிலைச் சீலுக்கு வெளியே தள்ளும். தடம் ஆழமென்றால் மெல்லிய ஸ்லீவ் ஒன்றை ஏற்றலாம், ஆனால் கழுத்தின் நுனிப்பகுதி பம்பின் புஷ்சுக்குள் (தாங்கு வளையம்) ஓடுகிறது, ஸ்லீவ் அதுவரை வந்தால் புஷ் போய்விடும். சிலர் வெல்டிங் நிரப்பிக் கடைந்து தரச் சொல்கிறார்கள். கொன்வேர்ட்டர் சூட்டில் வளைந்தால் கழுத்து நடு விலகிச் சுற்றும், புஷ்சும் சீலும் சேர்ந்து போகும். நான் அதைச் செய்து கொடுப்பதில்லை.

பம்பின் புஷ்சையும் பாருங்கள். புஷ் ஆடினால் கழுத்தும் ஆடும், எந்தச் சீலும் அதைத் தாங்காது. சீலுக்குப் பின்னால் ஒயில் திரும்பிப் போகிற துளை பசையால் அடைபட்டிருந்தாலும், மேலே இருக்கிற பிரீதர் (காற்றுப் போக்கி) அடைபட்டிருந்தாலும் நல்ல சீலே ஒழுகும். பிளேட் கருகிய பெட்டியின் கொன்வேர்ட்டருக்குள் அந்தக் கரித்தூள் முழுவதும் இருக்கும், வெளியிலிருந்து ஊற்றிக் கழுவி எடுக்க முடியாது. வெட்டித் திறந்து கழுவியது அல்லது வேறு ஒன்றுதான் வழி.

களுவாஞ்சி_வேன்

எல்லோருக்கும் பெரிய நன்றி. சி2 டிரம்மைப் பார்த்தேன். பிஸ்டன் ஓடுகிற சுவர் நல்லம், ரிங் ஓடுகிற இடத்தில் பள்ளம், நகம் நிற்கிறது. டிரம் ஒன்று தேடச் சொல்லிக் கொழும்புக்கு அறிவித்துவிட்டேன். புஷ் ஆடவில்லை, கொன்வேர்ட்டர் கழுத்தில் தடம் இருக்கிறது, நகத்துக்குப் படுகிறதா இல்லையா என்று எனக்கே சந்தேகம்.

பான் போல்ட்டை எவ்வளவு இறுக்குவது? பசை பூசி எவ்வளவு நேரத்தில் ஒயில் ஊற்றலாம்?

சாய்ந்தமருது_கராஜ்

பான் போல்ட் சின்னது, 7 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான். டோர்க் ரென்ச் இல்லாமல் செய்தால் உன் கை கட்டாயம் அதைத் தாண்டும். நடுவில் தொடங்கி எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில். அதற்கு முன் எல்லாப் போல்ட் துளைக்குள்ளும் காற்றடி. அடி மூடிய துளையில் ஒயில் தேங்கியிருக்க போல்ட்டை இறுக்கினால் ஒயிலுக்குப் போக வழியில்லை, அலுமினியம்தான் வெடிக்கும். மரை போன துளைக்கு ஹெலிகொயில் (கம்பிச் சுருள் மரை) போடு, நீளப் போல்ட் தேடாதே.

பசையை ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் தடிப்பில் ஒரே ஓட்டமாக, போல்ட் துளைக்கு உள்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போ. இந்தப் பசை காற்றின் ஈரத்தில்தான் இறுகும், அதனால் இங்கே கெதியாகத் தோல் கட்டும். பானையும் போல்ட்டையும் பக்கத்தில் தயாராக வைத்துவிட்டுத்தான் டியூபைத் திற. தோல் கட்டிவிட்டால் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசு. இரவு விட்டுக் காலையில் ஒயில் ஊற்று.

பெட்டியை ஏற்றும்போது கொன்வேர்ட்டரைச் சுற்றிச் சுற்றித் தள்ளு, ‘டக் டக்’ என்று படிப்படியாக உள்ளே இறங்கும். அது முழுதாக இறங்காமல் பெல் ஹவுசிங் போல்ட்டை இறுக்கினால் பம்ப் கியர் உடையும். இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவில் கையால் தள்ளி மூட முடியாத இடைவெளி இருந்தால் போல்ட்டை வைத்து இழுக்காதே, திரும்பக் கழற்று.

லேத்_ஏறாவூர்

கழுத்தை மைக்ரோமீட்டரில் அளந்து பார்த்தால் சந்தேகம் இருக்காது தம்பி. கொன்வேர்ட்டரைக் கொண்டு வாருங்கள், பம்பையும் சேர்த்துக் கொண்டு வந்தால் புஷ்சையும் அளக்கலாம். வெள்ளிக்கிழமை பட்டறை பூட்டு, சனிக்கிழமை காலையில் வாருங்கள்.